யூனோஸ் ரோட்ஸ்டரின் பின் சஸ்பென்சனை வீட்டில் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று உலகம் அறிந்த காரின் முதல் தலைமுறை அது. ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். யாழ்ப்பாணம் கொண்டாவிலில் எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோவிலேயே அதன் பின்பக்கத்தை முழுதாகக் கழற்றி, மூட்டுகளில் இருக்கும் இறப்பர் உருளைகளான புஷ் எல்லாவற்றையும் மாற்றி, திரும்பப் பூட்டினேன். இரண்டு சனி ஞாயிறில் முடியும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ஏழு கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு பல பேர் கேட்ட கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் கழற்றத்தான் வேண்டுமா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சந்தேகப்படுங்கள், பிறகு கழற்றுங்கள். பின்பக்கம் "டக்" என்று சத்தம் வந்தால் அது ஷொக் அப்சோபராகவும் இருக்கலாம், வளைவில் கார் சரியாமல் தடுக்கும் ஆன்ரி ரோல் பாரின் சின்ன இணைப்பாகவும் இருக்கலாம். அந்த இணைப்பை மாற்ற அரை மணித்தியாலம் போதும். அதற்காகப் பின்பக்கத்தையே நிலத்தில் பரப்பத் தேவையில்லை.

புஷ் போய்விட்டது என்பதற்கு நான் நம்பும் அடையாளங்கள் மூன்று. ரயரின் உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். வளைவில் அக்சிலரேட்டரை விட்டவுடன் காரின் பின்பக்கம் தானாகவே கொஞ்சம் திரும்புவது போல இருக்கும்; இந்தக் கார் பின்சில்லு இழுவை என்பதால் இது வடிவாகத் தெரியும். மூன்றாவது, காருக்கு அடியில் படுத்து, சஸ்பென்சன் கைக்கும் பிறேமுக்கும் இடையில் ஒரு இரும்புப் பாரை விட்டு நெம்பினால், இறப்பர் வெடித்துக் கிடப்பதும் இரும்பு இரும்போடு முட்டுவதும் கண்ணுக்கே தெரியும்.

சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருக்கிறது, ஓடும்போது ஊளைச் சத்தமும் வருகிறது என்றால், அது பெரும்பாலும் பெயரிங். அது வேறு வேலை.

இந்தக் காரின் பின்பக்கத்தில் என்னதான் இருக்கிறது?

எங்கள் ஊரில் வயதான திருத்துநர்களுக்குப் பின் சஸ்பென்சன் என்றவுடன் பட்டை ஸ்பிரிங்தான் ஞாபகம் வரும். மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரின் சோமசெட்டிலும் பின்பக்கம் ஒரே அச்சு, இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், அவ்வளவுதான். ரோட்ஸ்டர் அப்படியல்ல. இடது சில்லும் வலது சில்லும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக ஏறி இறங்கும்.

ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டும் ஒரு முனையில் நடுவிலுள்ள சப் பிறேம் என்ற இரும்புச் சட்டத்தைப் பிடிக்கின்றன, மறு முனையில் சில்லுப் பெயரிங் இருக்கும் நக்கிளைப் பிடிக்கின்றன. ஆங்கில எழுத்து ஏ போலவும், கோழியின் நெஞ்சுக்கு மேலுள்ள கவட்டெலும்பு போலவும் இருப்பதால் டபுள் விஷ்போன் என்று பெயர். ஷொக்கும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் ஒரே துண்டாகக் கீழ்க் கையில் நின்று, மேலே பூட்டுக்குள் (காரின் பின்பக்கச் சாமான் பெட்டிக்குள்) இரண்டு நட்டில் முடிகின்றன. நடுவில், எஞ்சினின் சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷல். அதிலிருந்து இரண்டு பக்கமும் சில்லைச் சுழற்றும் தண்டு, அதாவது டிரைவ் ஷாஃப்ட்.

ஒன்றை மட்டும் மனதில் போட்டு வையுங்கள். கீழ்க் கை சப் பிறேமோடு சேரும் உள் முனையில் உள்ள போல்ட்டுகள் சாதாரண போல்ட்டுகள் இல்லை. அவற்றின் தலையோடு மையம் தப்பிய வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் சில்லின் சாய்வும் திசையும் மாறும். அலைன்மென்ட் முழுக்க அதில்தான் நிற்கிறது.

பனி விழாத ஊரில் கறள் ஒரு பிரச்சினையா?

யாழ்ப்பாணத்தில் பனி இல்லை, உப்பு இருக்கிறது. பண்ணைத் தாம்போதியால் தீவுப் பக்கம் அடிக்கடி போய்வரும் காருக்கும், பருத்தித்துறைக் கரையில் நிற்கும் காருக்கும், சோளகக் காலத்தில் தென்மேற்குக் காற்று கொண்டுவரும் உப்புத் தூசி அடியில் படியாமல் இருக்காது. மாரியில் அதே இடத்தில் சேறு ஒட்டி, ஈரம் காயாமல் நிற்கும். இது போதாதென்று, கார் ஜப்பானில் எந்தப் பக்கம் ஓடியது என்பதும் இருக்கிறது. வடக்கே ஹொக்கைடோப் பக்கம் குளிர்காலத்தில் வீதிக்குப் பனி உருக்கும் உப்பு வகைகள் போடுவார்கள். மேலே கண்ணாடி மாதிரி மினுங்கும் கார், கீழே பார்த்தால் கடலில் கிடந்த நங்கூரம் மாதிரி இருக்கும். என்னுடையது அந்த வகை.

வேலையில் பாதிக்கு மேல் கறளோடு போராடுவதுதான். மீதிப் பாதி, கழற்றியதை அதே மாதிரித் திரும்பப் பூட்டுவது. கழற்றுவது என்று தனியாக ஒரு வேலையே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

என்னென்ன ஆயுதங்கள் வேண்டும்?

ஸ்பானரும் சொக்கெட்டும் பெரும்பாலும் 14, 17, 19 அளவுகள். சில்லு நட்டுக்கு 21. டிரைவ் ஷாஃப்ட்டின் நடு நட்டுக்கு 29, அது பெரும்பாலான பெட்டிகளில் இராது, தனியாக வாங்க வேண்டும். நீளமான பிறேக்கர் பார் ஒன்று. அது இல்லாவிட்டால் ஸ்பானர் முனையில் போட ஒரு கல்வனைஸ் பைப் துண்டு, எங்கள் பட்டறைகளில் அதுதான் வழக்கம். எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் டோர்க் ரெஞ்ச் கட்டாயம். இரவல் வாங்கியாவது வைத்திருங்கள்.

உருளை ஜக் ஒன்று, ஸ்டாண்ட் நான்கு. காரோடு வரும் கத்தரி ஜக் வழியில் ரயர் மாற்றுவதற்கு மட்டும்.

துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் எண்ணெய் எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வகை என்பதைவிட, எத்தனை நாள் முன்பே அடித்தீர்கள் என்பதுதான் முக்கியம். நான் ஒரு கிழமைக்கு முன்பிருந்தே தினமும் பின்னேரம் அடித்தேன். அடித்தவுடன் ஸ்பானரைப் போட்டு இழுப்பவர்களுக்கு எண்ணெயும் வீண், நட்டும் வீண்.

எங்கே வைத்து வேலை செய்யலாம்? முற்றம் போதுமா?

சீமெந்து போட்ட தளம் வேண்டும். செம்மண் முற்றத்தில் ஜக்கின் சின்னச் சில்லுகள் புதைந்துவிடும். வடமராட்சி மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் தடித்த பிளைவுட் பலகையை ஜக்குக்குக் கீழும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்குக் கீழும் போட வேண்டும். என் வேலையின் முதல் நாள், போர்ட்டிக்கோ தளம் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் ஜக்கை வைத்தேன். கார் பாதி உயரம் போனபோது ஜக் ஒரு பக்கம் சரிந்து, கார் மெதுவாக முன்னால் அசைந்தது. நான் அடியில் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

அடுத்தது, சீமெந்துக் கல். மதில் கட்டும் பொள்ளல் கல்லை வைத்துக் காரைத் தாங்குவதை எங்கள் ஊரில் நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் மெதுவாக வெடித்து எச்சரிக்கை தராது, ஒரு நொடியில் தூளாகிப் போகும். இந்தக் கார் ஆயிரம் கிலோவுக்கு உட்பட்டதுதான், சின்னக் கார்தான். ஆனால் நெஞ்சுக்கு மேலே வரும்போது அது சின்னக் கார் இல்லை. பனங்குற்றியும் சிலிப்பர் கட்டையும் கல்லைவிட எவ்வளவோ மேல், அதுவும் ஸ்டாண்டுக்குப் பதிலாக இல்லை, ஸ்டாண்டோடு சேர்த்து.

ஹாண்ட் பிறேக் போட்டிருக்கிறேன், கியரிலும் விட்டிருக்கிறேன். பிறகு ஏன் முன் சில்லுக்குக் கட்டை?

இந்தக் காரில் ஹாண்ட் பிறேக் பிடிப்பது பின் சில்லுகளை. கியர் பிடிப்பதும் பின் சில்லுகளை. நீங்கள் தூக்கப் போவது எந்தப் பக்கம்? பின் சில்லுகள் காற்றில் ஏறிய கணமே இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. நிலத்தில் இருக்கும் முன் சில்லுகள் சும்மா உருளும். எனவே முன் சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை இறுக்கி வைத்த பிறகுதான் ஜக்கைத் தொட வேண்டும். முன்சில்லு இழுவைக் கார்களோடு பழகியவர்கள் பிழை விடும் இடம் இது. நான் முதல் நாள் விட்டதும் இந்தப் பிழையைத்தான்.

பின்பக்கத்தைத் தூக்க டிஃபரன்ஷல் அடியில் ஜக்கைக் கொடுக்கலாம், நடுவில் ஒரு பலகைத் துண்டு வைத்து. பிறகு பக்கவாட்டில், பின் சில்லுக்கு முன்னால் உடலின் அடி விளிம்பில் பலப்படுத்திய இடத்தில் ஸ்டாண்டை வைக்க வேண்டும். விளிம்பு மடங்காதபடி வெட்டுப் போட்ட இறப்பர் கட்டையை இடையில் வையுங்கள். ஜக்கை இறக்கி, காரைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். இப்போது அசைந்தால் நல்லது, அடியில் போன பிறகு அசைவதைவிட.

எந்த ஒழுங்கில் கழற்றுவது?

கார் நிலத்தில் நிற்கும்போதே மூன்று வேலைகள். ஒன்று, சில்லின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நான்கு சில்லிலும் அளந்து எழுதுங்கள். இது ஏன் என்று பின்னால் வரும். இரண்டு, சில்லு நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். மூன்று, நக்கிளையே வெளியே எடுக்கப் போகிறீர்கள் என்றால், டிரைவ் ஷாஃப்ட்டின் 29 நட்டையும் இப்போதே தளர்த்த வேண்டும். நடு மூடியைக் கழற்றினால் நட்டின் கழுத்து ஒரு பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருப்பது தெரியும். அந்த மடிப்பை உளியால் நிமிர்த்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்ட்டின் மரை போய்விடும். அது 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கிய நட். ஸ்டாண்டில் நிற்கும் காரில் அதை இழுத்தால், நட் வருமோ தெரியாது, கார் வரும்.

பிறகு தூக்கி, சில்லைக் கழற்றி, அதைக் காரின் அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்ட் கைவிட்டாலும் சில்லு தாங்கும்.

பிறேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, தடித்த கம்பியால் மேலே எங்காவது கட்டித் தொங்க விடுங்கள். இறப்பர்க் குழாயில் தொங்க விடக் கூடாது. குழாயைக் காலிப்பரிலிருந்து கழற்றாவிட்டால் பிறேக் ஒயில் சிந்தாது, காற்று இறக்கும் வேலையும் மிச்சம். பிறகு ஆன்ரி ரோல் பாரின் இணைப்பு, ஷொக்கின் கீழ் போல்ட், பூட்டுக்குள் உள் விரிப்பை விலக்கி மேல் நட்டுகள் இரண்டு. பற்றரி இந்தக் காரில் பூட்டுக்குள்தான் வலது பக்கம் இருக்கிறது. அங்கே ஸ்பானர் விடுவதற்கு முன் அதன் மறை (மைனஸ்) முனையைக் கழற்றி விடுங்கள்.

கீழ்க் கையை அமத்தினால் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே துண்டாக வெளியே வரும். மிஞ்சுவது மேல் கை, கீழ்க் கை, நக்கிள். உள் முனையின் அந்த வட்டத் தகட்டுப் போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன், தகட்டிலும் சப் பிறேமிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். வெள்ளை பெயின்ற் நல்லது. கழுவும்போது பெயின்ற் போய்விடும் என்பதால் உளி முனையால் ஒரு கீறலும் சேர்த்துப் போட்டேன். போனில் படமும் எடுங்கள், ஆனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அடியில் எடுத்த எல்லாப் படமும் ஒரே கறள் நிறத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

கழற்றிய போல்ட்டுகளை ஒரு வாளியில் போடாதீர்கள். நான் பழைய மரக்கறிப் பெட்டி மட்டையில் காரின் பின்பக்கத்தைக் கீறி, ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். ஏழு கிழமைக்குப் பிறகு அந்த மட்டைதான் என்னைக் காப்பாற்றியது.

அந்த நீள போல்ட் வரவே இல்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கீழ்க் கையின் வெளி முனை நக்கிளோடு சேரும் இடத்தில், ஒரே நீளமான போல்ட் இரண்டு புஷ்களையும் ஊடுருவிப் போகிறது. புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய். முப்பது வருடத்தில் ஈரம் அந்தக் குழாய்க்கும் போல்ட்டுக்கும் இடையில் புகுந்து, கறள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். உலகம் முழுக்க இந்தக் காரை வைத்திருப்பவர்கள் திட்டுவது இந்தப் போல்ட்டைத்தான்.

நட் கழன்றுவிடும், அதில் ஏமாற வேண்டாம். போல்ட்டின் தலையைத் திருப்பும்போது இறப்பரும் சேர்ந்து முறுகி, விட்டவுடன் திரும்பி வந்தால், ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது சுத்தியலை எடுத்து மரை முனையில் அடிக்கத்தான் மனம் சொல்லும். அடித்தால் மரை காளான் மாதிரி விரியும், பிறகு அது எந்தத் துளையாலும் போகாது. அடிக்கத்தான் வேண்டுமென்றால் நட்டை முனையோடு சமமாக வரும்வரை திரும்பப் பூட்டி, பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து அடியுங்கள்.

நான் போன வழி இது. முதலில் எண்ணெய், ஒரு கிழமை. பிறகு தலையை இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி. வலது பக்கப் போல்ட் மூன்றாம் நாள் முனகிக்கொண்டு அசைந்தது, நான்காம் நாள் கையில் வந்தது. இடது பக்கம் அசையவே இல்லை. காஸ் டோர்ச்சால் சூடாக்கினால் வரும் என்று ஒருவர் சொன்னார். வரும்தான். ஆனால் பெற்றோல் தாங்கி இந்தக் காரில் பின் அச்சுக்குப் பக்கத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. எரியும் இறப்பரும் எண்ணெயும் பெற்றோல் ஆவியும் ஒரே இடத்தில், அதுவும் வீட்டுப் போர்ட்டிக்கோவில். நான் நெருப்பைத் தொடவில்லை, நீங்களும் தொட வேண்டாம்.

கடைசியில் வெட்டினேன். புஷ்ஷுக்கும் அதைப் பிடிக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியால் வாள் அலகை விட்டு இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும். கையால் அறுத்தேன். உயர் பலப் போல்ட் என்பதால் நான்கு அலகு முடிந்தது, ஒரு பின்னேரமும் முடிந்தது. கிறைண்டர் விரைவாக வெட்டும், ஆனால் பொறி பறக்கும், தாங்கி ஞாபகம் இருக்கட்டும். நக்கிள் வெளியே வந்த பிறகு, உள்ளே மிஞ்சிய துண்டை ஒரு லேத் பட்டறையில் பிறெஸ்ஸில் வைத்துத் தள்ளினார்கள். அது போன சத்தத்தை இரண்டு கடை தள்ளிக் கேட்டிருப்பார்கள்.

வெட்டுவதற்கு முன் புதுப் போல்ட் கையில் இருக்க வேண்டும். இதை நான் செய்யவில்லை. ஏழு கிழமையில் நாலு கிழமை அந்தப் போல்ட் வருவதற்குக் காத்திருந்ததுதான்.

அந்தப் போல்ட்டை இங்கேயே ஹாட்வெயர் கடையில் வாங்கிப் போட்டால் என்ன?

வேண்டாம். தலையில் 8.8, 10.9 என்று பொறித்த எண்கள் அந்த இரும்பின் பலத்தைச் சொல்கின்றன. எண்ணே இல்லாத போல்ட் படலைக்குப் போடுவது. கறள் பிடிக்காது என்று எவர்சில்வர்ப் போல்ட் போட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர், உயர் பல இரும்பைவிடப் பலம் குறைந்தது. சில்லைக் காரோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டில் பரிசோதனை செய்யக் கூடாது.

ஸ்டான்லி வீதிப் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளில் பொதுவான சாமான்கள் வாங்கலாம். இந்தக் காருக்கென்றே உள்ளவற்றுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடலாம், அங்கும் இல்லையென்றால் ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில், இருக்கும் காரைத் திருத்தி ஓட்டுவதுதான் ஒரே வழி என்று இந்தத் தேடலை நிறையப் பேர் பழகிக்கொண்டார்கள்.

ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றலாமா?

கைகளையும் புஷ்களையும் மாற்றுவதற்கு ஸ்பிரிங்கை ஷொக்கிலிருந்து பிரிக்கத் தேவையே இல்லை, ஒரே துண்டாக எடுத்து மூலையில் வையுங்கள். ஷொக் மாற்றும்போது மட்டும்தான் பிரிக்க வேண்டும். அமத்திய ஸ்பிரிங் பிடி விட்டால் பக்கத்தில் நிற்பவரின் தாடை எலும்பை உடைக்கும் பலத்தோடு வரும். நல்ல அமுக்கி இல்லாமல் கயிறு, சங்கிலி, கம்பி என்று செய்து பார்க்க வேண்டாம். கழற்றிய துண்டை அப்படியே ஒரு கராஜுக்கு எடுத்துப் போனால் அவர்கள் செய்து தருவார்கள். இந்த ஒரு வேலையை நான் வெளியில் கொடுத்தேன், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

புஷ்: இறப்பரா, பொலியா?

பொலியூரத்தேன் புஷ் கையாலேயே உள்ளே போகும், பிறெஸ் தேவையில்லை. அதனால்தான் வீட்டில் வேலை செய்பவர்களுக்குப் பிடிக்கும். ஓட்டம் இறுக்கமாக இருக்கும். ஆனால் அது வழுக்கித் திரும்ப வேண்டிய பொருள், சிலிக்கோன் கிறீஸ் வற்றி உள்ளே தூசி போனால் பழைய கட்டில் மாதிரிக் கிறீச்சிடும். எங்கள் புழுதிக்கு அது கெதியாக வரும். பந்தயத்துக்குப் போகாத காருக்கு இறப்பரே போதும் என்பது என் முடிவு.

பழைய புஷ்ஷை எடுக்க எரிக்கிறார்கள் சிலர். அந்தப் புகை நஞ்சு, அயலட்டையும் சண்டைக்கு வரும். இறப்பரைத் துளையிட்டு நடுக் குழாயை எடுத்து, வெளி உறையை வாளால் ஒரு பக்கம் கீறினால் உள்பக்கமாக மடிந்து வந்துவிடும். கீறும்போது கையின் உலோகத்தில் ஆழமாக வெட்டு விழாமல் பாருங்கள். புதியதை லேத் பட்டறையில் பிறெஸ் செய்து வாங்கினேன். எந்தப் புஷ் எந்தப் பக்கம் எந்த ஆழத்தில் என்று எழுதிக் கொடுங்கள், அங்கே நூறு வேலைக்குள் உங்களுடையது ஒன்று.

கராஜில் கொடுத்தால் இரண்டு நாளில் முடியுமே அண்ணை, ஏன் இந்தப் பாடு?

கொடுக்கலாம், பிழையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த கைகள் எங்கள் ஊரில் இருந்தன. அந்தக் கைகளில் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் ஒரு போல்ட்டும் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் அதே காரை இதற்கு முன் ஒரு கராஜில் கொடுத்திருந்தேன். ஷொக் மாற்றித் தந்தார்கள். வேலை துப்புரவு. மூன்றே மாதத்தில் கீழ்க் கைப் புஷ் கிழிந்துவிட்டது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

சஸ்பென்சன் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டுகளை இறுக்கக் கூடாது.

இறப்பர் புஷ் சுழலும் பொருள் இல்லை. வெளி உறையும் உள் குழாயும் இறப்பரோடு ஒட்டப்பட்டவை. போல்ட்டை இறுக்கினால் உள் குழாய் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும், அதற்குப் பிறகு கை அசைவதெல்லாம் இறப்பர் முறுகுவதால்தான். ஜக்கில் கார் நிற்கும்போது கை கீழே தொங்கும். அந்த நிலையில் இறுக்கி, பிறகு காரை இறக்கினால், சும்மா நிற்கும்போதே இறப்பர் பாதி முறுகி நிற்கும். பள்ளத்தில் விழும்போது அது தாங்காமல் கிழியும்; கராஜில் கொடுத்தபோது என் காருக்கு நடந்தது இதுதான். கார் இருக்க வேண்டிய உயரத்தைவிடக் கொஞ்சம் ஏறியும் நிற்கும்.

எனவே எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் பூட்டி விடுங்கள். பிறகு கீழ்க் கையின் வெளி முனைக்கு அடியில் ஜக்கைக் கொடுத்து, ஆரம்பத்தில் அளந்து எழுதினோமே, மையத்திலிருந்து மட்கார்ட் வரை, அந்த அளவு வரும்வரை தூக்குங்கள். என் காருக்கு அது 340 மில்லிமீட்டர். உங்கள் காருக்கு நீங்கள் அளந்ததுதான் கணக்கு. கார் ஸ்டாண்டிலிருந்து கிளம்பப் பார்த்தால், பூட்டுக்குள் இரண்டு சீமெந்து மூட்டை வையுங்கள். அந்த நிலையில் டோர்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு என்பதை உங்கள் வருடத்துக்குரிய திருத்தக் கையேட்டில் பார்த்து ஒரு மட்டையில் எழுதி ஒட்டுங்கள், கிறீஸ் கையோடு பக்கம் புரட்ட முடியாது. சில்லு நட்டுகளுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

நீள போல்ட்டைப் பூட்டும்போது அதன் உடலில் ஒட்டாமல் காக்கும் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். டிரைவ் ஷாஃப்ட் நட் புதியது, இறுக்கிய பிறகு கழுத்தை மடக்க வேண்டும். வட்டத் தகடுகளை உங்கள் கீறலுக்கே கொண்டு வாருங்கள்.

பிறேக் பிஸ்டன் உள்ளே போகமாட்டேன் என்கிறது?

அமுக்காதீர்கள். பின் காலிப்பருக்குள் ஹாண்ட் பிறேக் பொறிமுறை இருக்கிறது. காலிப்பரின் பின்னால் ஒரு மூடிப் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் அலன் சாவிக்கு ஒரு குழி தெரியும். அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப் பக்கம் திருப்பினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். பூட்டிய பிறகு இறுகும்வரை திருப்பி, சில்லுத் தகடு சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் திரும்ப விடுங்கள்.

என்னிடம் வேறு ஸ்போர்ட்ஸ் கார். இதே முறைதானா?

தொங்கும்போது இறுக்கக் கூடாது என்பது இறப்பர் புஷ் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். மற்றவை மாறும். ரொயோட்டா எம்ஆர்2 என்றால் பின்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட், மேல் கையே இல்லை. நிசான் 350இசட்டில் கவனம் தேவை: அங்கே பின் ஸ்பிரிங் ஷொக்கைச் சுற்றி இல்லை, கீழ்ப் பக்கக் கை ஒன்றில் தனியாகக் குந்தியிருக்கிறது. ஜக்கால் தாங்காமல் அந்தக் கையின் போல்ட்டை எடுத்தால் ஸ்பிரிங் பாய்ந்து வரும். எம்எக்ஸ்-5லும் 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் பின்பக்கம் பல இணைப்பு வகை. இங்கே சொன்ன ஒழுங்கு முதல் இரண்டு தலைமுறைகளுக்குத்தான்.

எந்த மாதம் தொடங்கலாம்?

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். போர்ட்டிக்கோ இருந்தாலும் சாரல் அடிக்கும், சுத்தம் செய்து வைத்த இரும்பு ஒரே இரவில் செம்மஞ்சளாகும். காண்டாவனம் என்ற கடும் வெயில் காலத்தில் பகலில் இரும்பைத் தொட முடியாது. தைப்பொங்கல் முடிந்து மாசி, பங்குனிதான் எனக்குச் சரிப்பட்டது.

முடிந்தது. அப்புறம்?

வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள், நேராக. கீறலுக்கே பூட்டினேன், தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். புதுப் புஷ் பழையது இருந்த இடத்தில் நிற்காது. முன்சில்லை மட்டும் பார்த்துவிட்டு "சரி" என்று அனுப்பப் பார்ப்பார்கள். பின்சில்லுக்கும் சாய்வும் திசையும் மாற்றலாம் என்று சொல்லி, அந்த வட்டத் தகட்டைக் காட்டுங்கள். அங்கே போகும் வழியில் 40ஐத் தாண்ட வேண்டாம்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சில்லு நட்டுகளையும், எட்டக்கூடிய போல்ட்டுகளையும் ஒருமுறை டோர்க் ரெஞ்ச்சால் பாருங்கள். மையத்திலிருந்து மட்கார்ட் வரை திரும்ப அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். என்னுடையது இடமும் வலமும் 338. தீவுப் பக்கம் போய்வந்த நாட்களில் அடியில் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன், நீள போல்ட்டின் இரண்டு முனையிலும் வருடத்துக்கு ஒருமுறை கிறீஸ் பூசுகிறேன்.